பன்னிரண்டாம் தேதி மழை

செலின் மேரி மழைமானியின் பூட்டைத் திறந்து புனலைத் தூக்கியபோது, உள்ளே இருந்த பாட்டிலில் தண்ணீர் இருந்தது.

இருக்க வழியே இல்லை. அன்று ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள். வானம் கழுவித் துடைத்த மாதிரி கிடந்தது. ஒதியம்பட்டு முழுக்க சம்பா அறுவடைக்கு நின்றது. ஒரு தூறல் விழுந்திருந்தாலும் ஊரே வயலுக்கு ஓடியிருக்கும்.

ஊர்க்கோடியில் இருந்த விதைப் பண்ணையில் செலினுக்கு வேலை. பண்ணை நடுவே கம்பி வேலி போட்ட சின்னச் சதுரத்துக்குள் மழைமானி நின்றது. தினமும் காலை எட்டரைக்கு அதைத் திறந்து, பாட்டிலில் சேர்ந்ததை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேராக எழுத வேண்டும். ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. மழை பெய்த நாளில் புதுச்சேரி அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். அங்கிருந்து கணக்கு மதராசுக்குப் போகும். ஐந்து வருஷமாக அவள் ஒரு நாளும் தவறியதில்லை. கணவன் செத்துப் போன செய்தி வந்த மறுநாள் காலைகூட எட்டரைக்கு வந்து நின்றாள். அதை ஊர் இன்னும் சொல்லிக் காட்டும்.

குடுவையில் ஊற்றினாள். கண்ணாடி சட்டென்று வியர்த்தது. விரல் நுனி வலிக்கிற அளவு குளிர். குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தாள். இரண்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர்.

"இன்னா செலினு, மானத்துல ஒரு மேகத்தக் காணோம், நீ இன்னாத்த அளக்குற?" என்றாள் தையலம்மாள். பண்ணையில் களை எடுக்கிறவள். வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கூடையோடு நின்றாள்.

"பனித்தண்ணியா இருக்கும்க்கா."

"அவ்ளோ பனி பேஞ்சா, வெளியில படுக்குற என் வூட்டுக்காரன் இந்நேரம் வெறச்சிப் போயிருப்பானே. காலையில எழுந்து டீக்குச் சண்ட போட்டுச்சே அது!"

செலின் சிரிக்கவில்லை. பதிவேட்டில் 2.4 என்று எழுதினாள். இருப்பதை எழுத வேண்டும். அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது அவ்வளவுதான்.

சொல்லிக் கொடுத்தவன் மரியசுந்தரம். எழுபத்தைந்தாம் வருஷம் இந்த மழைமானியை நட்டவனே அவன்தான். கடலூரிலிருந்து கருவிகள் பூட்டுகிற மெக்கானிக்காக வந்தான். முதல் நாள் அவள் நின்றபடியே குடுவையைப் பார்த்து ஏதோ ஒரு எண்ணைச் சொன்னபோது, "கண்ணத் தண்ணி மட்டத்துக்கு இறக்குங்க. மேல நின்னு பாத்தா எதுவும் அதிகமாத்தான் தெரியும்" என்று அவனும் குனிந்தான். ஒரே குடுவைக்கு இரண்டு முகங்கள். அளவு பார்த்து முடித்த பிறகும் இருவரும் நிமிர ஒரு கணம் தாமதித்தார்கள். அந்த ஒரு கணம் ஒன்றரை வருஷத்தில் வில்லியனூர் மாதா கோயிலில் கல்யாணமாக முடிந்தது.

எழுபத்தெட்டு செப்டம்பரில் அவன் ஸ்காட்லாந்துக்குப் போனான். அங்கே ஒரு பல்கலைக்கழகம் உயர்ந்த மலையுச்சி ஒன்றில் தானாக அளக்கும் இயந்திரத்தை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. இயந்திரம் சொல்வது சரிதானா என்று பக்கத்திலேயே ஒரு ஆள் கையால் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு உச்சியில் ஒரு கல் குடிசை. கருவி தெரிந்த ஆள் கேட்டார்கள். இவன் பெயர் போயிற்று. மூன்றே மாதம், கிறிஸ்துமஸுக்கு வூட்டில் இருப்பேன் என்று மாதா படத்தின் மேல் அடித்துச் சொல்லிவிட்டுப் போனான்.

டிசம்பர் கடைசியில் கடிதம் வந்தது. குளிர்காலம் முழுக்க இருக்கச் சொல்கிறார்கள், ஒத்துக்கொண்டேன், ஏப்ரலில் வருகிறேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினைந்து நாள் அந்தக் கடிதத்தைக் கடித்துத் துப்புகிற மாதிரி படித்துக்கொண்டிருந்தவள், ஜனவரி பதினொன்றாம் தேதி வில்லியனூர் தபால் ஆபீசுக்குப் போய் ஒரு தந்தி கொடுத்தாள். டோன்ட் கம். டோன்ட் ரைட்.

ஆறாம் நாள் பதில் தந்தி வந்தது. அவனிடமிருந்து அல்ல.

பிறகு பல்கலைக்கழகத்தின் நீண்ட கடிதமும் ஒரு பெட்டியும் வந்தன. பெட்டியில் அவன் உடுப்புகள், ஜெபமாலை, அவள் கொடுத்த தந்தி. தந்தியின் உறை கிழிந்திருந்தது. கூடவே, அவன் கையெழுத்து குடும்பத்தாரிடம் இருக்கட்டும் என்று, குடிசையில் கிடைத்த ஜனவரி மாதத் தாளின் நகல் ஒன்று. தினசரி மழை, பனி அளவு. கடைசிப் பதிவு பன்னிரண்டாம் தேதி. அதற்கு நேரே குறிப்புப் பத்தியில் "இறங்குகிறேன்" என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல்.

கடிதம் சொன்னது இதுதான். பன்னிரண்டாம் தேதி மாலை நான்கு நாற்பதுக்கு மலையடிவாரத்தில், உச்சியில் வேலை இல்லாத நாட்களில் அவன் தங்கும் வீட்டுக்குத் தந்தி வந்தது. வீட்டுக்காரம்மாள் அதை அவன் மேஜையில் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனாள். பதின்மூன்றாம் தேதி நண்பகலில் திரும்பினாள். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. இரண்டு நாள் அடித்த பனிப்புயல் ஓய்ந்து, பதினான்காம் தேதி தேடிப் போனபோது குடிசை வெளியே பூட்டியிருந்தது. மே மாதம் பனி உருகிய பின்னும் உடல் கிடைக்கவில்லை.

மாமியார் அன்னாமேரி இதைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போட்டாள். பன்னிரண்டாம் தேதி காலையில் அளந்து எழுதிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் இறங்கியிருக்கிறான். சாயந்திரம் ஆளில்லாத வீட்டில் தந்தியைப் பிரித்துப் படித்திருக்கிறான். படித்துவிட்டு, புயலில், வந்த வழியே திரும்ப ஏறியிருக்கிறான்.

"நீ அனுப்புன காய்தந்தான்டி எம்புள்ளய மலையில ஏத்திச்சி" என்றாள். அதன்பின் ஏழு மாதமாக மருமகளோடு பேச்சில்லை. ஒரே வூடு, ஒரே அடுப்பு. ஒருத்தி ஆக்கி வைப்பாள், மற்றவள் எடுத்துச் சாப்பிடுவாள். கிழவி கணக்கில் தப்பு இருக்குமா என்று செலினும் ஆயிரம் முறை போட்டுப் பார்த்துவிட்டாள். தப்பு இல்லை. அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அவன் அந்த நாலு வார்த்தையைப் படித்தானா, படிக்காமல் போனானா? இந்த ஒன்று தெரிந்தால் போதும், மீதி வாழ்க்கையை எப்படியாவது தள்ளிவிடலாம்.

*

ஏழாம் தேதி பாட்டிலில் பூஜ்யம் புள்ளி எட்டு. எட்டாம் தேதி பதினொன்று புள்ளி இரண்டு.

பதினொன்று புள்ளி இரண்டு என்றால் நல்ல மழை. களத்தில் நெல் கொட்டிக் கிடந்தது, ஒரு மணி நனையவில்லை. செலின் குடுவையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். அந்த எண் அவளுக்குத் தெரியும். ஜெபம் போல மனப்பாடமான தாளில் இருந்த எண்.

அலுவலக அறைக்குப் போய் இழுப்பறையிலிருந்து நகலை எடுத்து விரித்தாள். ஐந்தாம் தேதி 2.4. ஆறாம் தேதி 0.8. ஏழாம் தேதி 11.2. போன வருஷம் அவன் அந்த மலையுச்சியில் அளந்ததெல்லாம், ஒரு நாள் தள்ளி, அவள் பாட்டிலுக்கு வந்துகொண்டிருந்தது.

தாளில் எட்டாம் தேதிக்கு நேரே பூஜ்யம். மறுநாள், ஒன்பதாம் தேதி காலை, புனலைத் தூக்கினாள். பாட்டில் சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது. தண்ணீர் இருந்த நாட்களைவிட அந்தக் காய்ந்த பாட்டில்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. யாராவது விளையாட்டுக்கு ஊற்றுகிறார்கள் என்ற கடைசி நம்பிக்கையும் போயிற்று.

பத்தாம் தேதி ஐந்து. குனிந்து மட்டம் பார்க்கும்போது குடுவைக்கு அந்தப் பக்கம் இன்னொரு முகம் குனிவது போல மூச்சுக்காற்று பட்டது. குளிர்ந்த மூச்சு. கண்ணாடியில் அவள் பக்கம் படியாத ஆவி எதிர்ப் பக்கம் படிந்தது.

"கணக்குக் கேக்க வந்திருக்கியா?" என்றாள் சத்தமில்லாமல். "கேளு. ஆனா இப்படிச் சொட்டுச் சொட்டா வேணாம்."

வேலியோரம் கரிச்சான் குருவி ஒன்று கத்தியது. அவ்வளவுதான்.

தாளில் மீதி இருந்தவை மூன்று எண்கள். கடைசி எண் பதின்மூன்றாம் தேதி அவள் பாட்டிலுக்கு வரும். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதை நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

*

பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை தவளக்குப்பம் வழியாகப் பஸ் மாறி மாறி வந்து இறங்கினார் உலகநாதன். மதராஸ் வானிலை அலுவலகத்து ஆய்வாளர். நாற்பது வயது, ஓயாத தும்மல், கழுத்தில் மப்ளர். கடலூரில் வேறு வேலையாக இருந்தவரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள்.

"ஏம்மா, ஒதியம்பட்டுக்குன்னு தனியா ஒரு வானம் வெச்சிருக்கீங்களா? என் மேலதிகாரி கேக்குறார்" என்றபடியே பையை மேஜையில் வைத்தார். "வில்லியனூர்ல மழ இல்ல. பாகூர்ல இல்ல. உங்க வேலிக்குள்ள மட்டும் பதினொண்ணு."

"இருந்தத எழுதினேன் சார்."

"இன்னிக்கு?"

"ஒண்ணு புள்ளி ஆறு."

அவர் வெளியே போய் வானத்தைப் பார்த்தார். தும்மினார். திரும்ப வந்து பதிவேட்டைப் புரட்டினார். மேஜைமேல் விரித்துக் கிடந்த நகல் அவர் கண்ணில் பட்டது. அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர் முகம் மெல்ல இறுகியது.

"இது யாரோடது?"

சொன்னாள். யார், எங்கே, எப்படி என்று சொன்னாள். தந்தியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் தணிந்தது, ஆனால் விடவில்லை. "உங்க துக்கம் எனக்குப் புரியுதும்மா. அதுக்காக அவர் எழுதுன நம்பரைக் கவர்மெண்ட் ரிஜிஸ்டர்ல ஏத்தலாமா? இது வேலை போற விஷயம்."

"நான் ஏத்தல சார்."

"பின்ன யாரு, அவரா வந்து ஊத்துறாரு?"

வாசலில் கூடையோடு நின்ற தையலம்மாள் பாய்ந்துவிட்டாள். "யோவ் ஆபீசரு, அந்தப் பொண்ணு பொய் சொல்றதுன்னா நானே தண்ணி ஊத்துனேன்னு எழுதிக்க. நானும் தெனம் பாக்குறேன். அதுல தண்ணி கீது. சும்மாத் தண்ணி இல்ல, ஐஸு."

"சரி, நாளைக்குப் பாத்துடுவோம்" என்றார் அவர். மழைமானியைத் தானே காலி செய்து துணியால் துடைத்தார். அதையும் வேலிக் கதவையும் பூட்டி, சாவிகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பூட்டுகளின் மேல் காகிதம் சுற்றி அரக்கு வைத்துக் கையெழுத்துப் போட்டார். வில்லியனூரில் ஒரு லாட்ஜில் தங்கப் போனார்.

சனிக்கிழமை காலை எட்டே காலுக்கே வந்துவிட்டார். அரக்கைப் பார்த்தார். உடையவில்லை. வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனவர் நின்றார்.

மழைமானியின் விளிம்பில் ஏதோ வெள்ளையாக முளைத்திருந்தது. காக்கை இறகு நீளம். இறகு போலவே நடுவில் ஒரு தண்டு, இரு பக்கமும் மெல்லிய மயிர்கள். வடமேற்கு நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது..." என்று தொட்டார். விரலில் ஒட்டி, உருகி, மணிக்கட்டு வழியே சட்டைக்குள் ஓடியது.

செலினுக்கு அது என்னவென்று தெரியும். அவன் நவம்பரில் எழுதியிருந்தான். இங்கே பனி மேலிருந்து விழுவதில்லை செலின், பக்கவாட்டில் பறக்கிறது. காற்று நூறு மைல் வேகத்தில் வரும்போது நின்று நடக்க முடியாது, நாலு காலில் தவழ்ந்துதான் மழைமானிக்குப் போவேன். கம்பி, கல், கருவி எதன் மேலும் பனி இறகு இறகாக வளரும். காற்று போகிற பக்கம் இல்லை, காற்று வருகிற பக்கம் பார்த்து வளரும். இயந்திரம் அரை மணிக்கொரு தடவை கூட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிக் காற்றை அளந்துவிட்டு உள்ளே போய்விடும், நம்ம ஊர் ஆமை மாதிரி. அதற்கு உள்ள வசதி எனக்கு இல்லை. மரச் சுத்தியால் இறகை எல்லாம் தட்டி உதிர்த்துவிட்டு, புனலில் விழுந்த பனியைக் குடிசைக்குள் கொண்டுபோய் அடுப்பருகே உருக்கி அளக்கிறேன்.

உலகநாதன் பூட்டைத் திறந்தார். பாட்டிலைத் தானே எடுத்துத் தானே ஊற்றினார். குனிந்தார்.

"மூணு புள்ளி எட்டு" என்றார். தும்மல் நின்றிருந்தது.

அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தையலம்மாள் யாரும் கேட்காமலே டீ வாங்கி வந்து வைத்தாள். "நான் சொல்லல?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அவர் டீயைத் தொடவில்லை. நகலை இழுத்துப் பார்த்தார். பதினொன்றாம் தேதிக்கு நேரே 3.8.

"உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார்.

"எத சார்?"

"ஒரு நாள் தள்ளி எழுதுறத. நான் நேத்திக்கே யோசிச்சேன். இந்தத் தாளப் பாத்து நீங்க காப்பி அடிச்சிருந்தா அஞ்சாம் தேதி நம்பர அஞ்சாம் தேதியிலதானே எழுதுவீங்க? ஆறுல எழுதியிருக்கீங்க. எல்லாமே ஒரு நாள் தள்ளி. அவங்க முறை தெரிஞ்சவங்கதான் அப்படி எழுத முடியும்."

"என்ன முறை சார்?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் சொல்லலையா? நாம காலையில அளந்தா அளந்த நாள் தேதியில எழுதுறோம். அங்க அப்படி இல்ல. காலையில ஒம்பது மணிக்கு அளக்கிறது பெரும்பாலும் முந்தின நாள் பெஞ்சதுதானே? அதனால முந்தின நாள் தேதிக்கு நேரா எழுதிடுவாங்க. நான் அவங்க கையேட்டப் படிச்சிருக்கேன். இந்தத் தாள்ல அஞ்சாம் தேதின்னு இருக்கிறத அவர் ஆறாம் தேதி காலையிலதான் அளந்தார்."

செலினின் காதுக்குள் காற்று அடிக்கிற மாதிரி ஒரு இரைச்சல். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ பன்னண்டாம் தேதி..."

"பதிமூணு காலையில ஒம்பது மணிக்கு."

"அன்னிக்குக் காலையில அவர் உச்சியில இருந்தாரா?"

"இருந்தாத்தானே அளக்க முடியும்? ஏம்மா?"

அவள் தந்தியைப் பற்றிச் சொன்னாள். ஒரு வருஷமாக யாரிடமும் தன் வாயால் சொல்லாததை மப்ளர் சுற்றிய அந்நிய மனிதரிடம் சொன்னாள். கிழிந்த உறையைச் சொன்னாள். பன்னிரண்டு மாலையிலிருந்து பதின்மூன்று நண்பகல் வரை ஆளில்லாத அந்த வீட்டைச் சொன்னாள்.

"உச்சியில இருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம்?"

"பனியில அஞ்சு மணி நேரம்னு லெட்டர்ல இருக்கு."

"ஒம்பதுக்கு அளந்துட்டுக் கெளம்பினா ரெண்டு மணிக்கு முன்னாடி வந்திருக்கவே முடியாது. அதுக்குள்ள அந்தம்மா வந்தாச்சு, அவர் வரல." உலகநாதன் தாளை மெதுவாக மடித்தார். "உறைய யூனிவர்சிட்டியில பிரிச்சிருப்பாங்க. சொந்தக்காரங்க விலாசம் வேணுமே. அவர் அத பாக்கல. வழியிலேயே..."

பதிவேட்டை இழுத்து அன்றைய பக்கத்தின் அடியில் எழுதினார். கருவி சரி. வாசிப்பு சரி. கையெழுத்தும் தேதியும் போட்டார்.

"நாளைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க சார்" என்றாள்.

"வேணாம்மா" என்றார் பையை எடுத்துக்கொண்டே. "எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பொங்கலுக்கு வீட்டுக்குப் போகணும். நாளைக்கு வர்றது உங்களுக்கு வர்றது." வாசல் வரை போய்த் திரும்பி, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

*

இழுப்பறையின் அடியில், அளவுக் குடுவையின் பெட்டிக்குக் கீழே, ஒரு வருஷமாகப் பிரிக்காத கடிதம் ஒன்று இருந்தது. அவன் இறந்த செய்திக்கு இரண்டு வாரம் கழித்து வந்தது. செத்தவன் எழுத்தைப் பிரிக்க அவளுக்கு அப்போது மனம் வரவில்லை. பிறகு தைரியம் வரவில்லை. இப்போது பிரித்தாள்.

"அன்புள்ள செலின், இன்று நான்காம் தேதி. காலையில் அளந்தேன், 6.2. குனிந்து மட்டம் பார்க்கும்போதெல்லாம் எதிரே நீ குனிந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் இந்தக் காற்றில் பைத்தியம் பிடித்துவிடும். நீ கோபமாக இருப்பாய் என்று தெரியும். உன்னைக் கேட்காமல் ஒத்துக்கொண்டது தப்பு. என்னோடு இருந்தவன் இன்று இறங்குகிறான், இந்தக் கடிதம் அவனோடு வருகிறது. எனக்கு இன்னும் ஒன்பது நாள். பதின்மூன்றாம் தேதி காலை அளந்துவிட்டு இறங்கியதும் அவர்களிடம் பேசி, இந்த மாதமே ஊருக்குப் புறப்படப் பார்க்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே, நேரில் போய் நிற்கலாம்."

நகலில் மூன்றாம் தேதிக்கு நேரே பார்த்தாள். 6.2.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வூட்டுக்குப் போனபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. சாயந்திரம் மாதா கோயிலில் அவனுக்கு வருஷப் பூசை. அன்னாமேரி சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்திருந்தாள். ஒரே வூட்டில் இருந்தவளை அழைக்கவில்லை. செலின் பின்னால் நடந்து போய்க் கடைசி வரிசையில் முட்டி போட்டாள். சாமியார், "மரித்த மரியசுந்தரத்தின் ஆத்துமத்துக்காக" என்றபோது, அவள் மட்டும் ஆமென் சொல்லவில்லை. போன வருஷம் இந்த நேரம் அவன் சாகவில்லை. குடிசைக்குள் அடுப்பருகே உட்கார்ந்து, நாளைக்கு இறங்க மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

*

பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எட்டரை மணிக்குப் பண்ணையில் யாரும் இல்லை. வேலிக்குள் கால் வைத்ததும் தெரிந்தது. அந்தச் சதுரத்துக்குள் மட்டும் காற்று அடித்தது. வெளியே தென்னங்கீற்று அசையவில்லை. அவள் முந்தானை வடமேற்கிலிருந்து படபடத்தது. மழைமானியின் விளிம்பு முழுக்க வெள்ளை இறகுகள், கோழி சிலிர்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

தட்டி உதிர்த்தாள். அவன் தட்டியிருப்பான். புனலைத் தூக்கிக் குடுவையில் ஊற்றினாள். குனிந்தாள். எதிர்ப் பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்தது.

"ஒம்பது புள்ளி ஆறு" என்றாள் உரக்க. "சரிதானே?"

ஆவி விலகியது. காற்று அறுந்து நின்றது. அது எந்தப் பக்கம் போயிற்று என்று பார்க்க அவள் நிமிரவில்லை. நிமிர ஒரு கணம் தாமதித்தாள்.

அளந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும், அதுதான் விதி. அவள் ஊற்றவில்லை. பதிவேட்டில் எண்ணை எழுதிவிட்டு, குடுவையை முந்தானையில் பொதிந்து, கடிதத்தையும் நகலையும் எடுத்துக்கொண்டு வூட்டுக்கு நடந்தாள்.

அன்னாமேரி கோயிலுக்குப் புறப்பட்டுத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டிருந்தாள். செலின் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். குடுவையை வைத்தாள். கடிதத்தை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கணக்கைச் சொன்னாள். அவங்க ஊர் முறை, நம்ம ஊர் முறை, ஒன்பது மணி, ஐந்து மணி நேரம். ஒரு தடவை சொன்னாள். கிழவி அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

"அப்போ அவன் அத படிக்கலியா?" ஏழு மாதத்துக்குப் பிறகு மாமியார் அவளிடம் கேட்ட முதல் வார்த்தை.

"இல்லத்த."

"ஊருக்கு வரணும்னுதான் எறங்கினானா?"

"ஆமாந்த்த."

"நேத்து பூசை வெச்சேனேடி. செத்துப் போனான்னு ஊரயே கூட்டி வெச்சி..."

"நேத்து அவர் இருந்தார்த்த. இன்னிக்குத்தான்."

அன்னாமேரியின் வாய் கோணிக்கொண்டு போயிற்று. சத்தம் வரவில்லை. கையை ஊன்றிக் கீழே இறங்கி, மருமகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். குடுவையைக் காட்டி, "இது இன்னா?" என்றாள்.

"அவர் கடைசியா அளந்தது."

கிழவி குனிந்தாள். செலினும் குனிந்தாள். வெயில் ஏறிய அந்த நேரத்திலும் கண்ணாடி வியர்த்துக்கொண்டேதான் இருந்தது. அன்னாமேரி ஒரு விரலை உள்ளே விட்டாள். வெடுக்கென்று இழுத்தாள்.

"சேசுவே. இன்னாடி இது, இப்படிக் குளுருது! இதுலயாடி கெடந்தான் எம்புள்ள?"

ஈர விரலால் தன் நெற்றியில் சிலுவை வரைந்தாள். மறுபடி விரலை நனைத்தாள். சற்றுத் தயங்கி, கையை நீட்டி, மருமகளின் நெற்றியில் வரைந்தாள். அந்தக் குளிர் தலைக்குள் இறங்கிய பிறகுதான் செலினுக்கு அழுகை வந்தது.

இரண்டாம் பூசைக்கு மணி அடித்தது. "எழுந்து மூஞ்சக் கழுவுடி" என்றாள் அன்னாமேரி. "இன்னிக்கின்னா இன்னிக்கி. போயி இன்னொரு தபா வேண்டிக்கலாம்."

குடுவையை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். திரும்பி வந்தபோது அது காய்ந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. வெளிக் கண்ணாடியில் மட்டும், குனிந்து பார்க்கிறவர் முகம் வருகிற உயரத்தில், யாரோ மூச்சு விட்ட இடம் போல ஒரு வட்டம் மங்கலாக இருந்தது. செலின் அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்குப் பாட்டிலில் தண்ணீர் இல்லை. பூஜ்யம் என்று எழுதினாள்.